நடந்தால் தகப்பனுக்கு

குழந்தையோடு எப்படி விளையாட வேண்டும் என்பதற்கு இப்போது அட்டவணை வந்துவிட்டது. என் பக்கத்து வீட்டுச் சுவரில் ஒன்று தொங்குகிறது. மூன்றாம் மாதம் இன்ன விளையாட்டு, ஆறாம் மாதம் இன்ன விளையாட்டு, அதனால் கழுத்து உறுதிப்படும், விரல் பழகும், புத்தி வளரும் என்று கட்டம் கட்டி அச்சடித்திருக்கிறார்கள். அந்த வீட்டுத் தகப்பன் தினமும் கட்டங்களில் டிக் போடுகிறான். ரெவினியூ இலாகாவில் ஆயுள் முழுக்கப் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்திய எனக்கே அதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அட்டவணையில் தவறு ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அந்த விளையாட்டு ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று நான் கண்ணால் பார்த்தவன். ஒன்றுகூடப் பலிக்கக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே பார்த்தவன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவில் தாலுகா கச்சேரியில் நான் குமாஸ்தா. அரசாங்கக் காகிதத்தில் ஊருக்குப் பெயர் சங்கரநயினார்கோவில். வாயால் அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அப்பா அம்மா இல்லாத காரணத்தால் என் தங்கை தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்குத்தான் வந்தாள். ஆண் பிள்ளை பெற்றாள். ஒன்பதாம் நாள் ஜன்னி கண்டு இறந்தாள்.

அவள் புருஷன் குருவிகுளத்துக்கு அப்பால் ஒரு கரிசல் கிராமத்துக்காரர். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் ஆடு. வந்தார், காரியங்களை முடித்தார், தொட்டிலுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார், போய்விட்டார். ஆறு மாதம் ஆளைக் காணவில்லை. அதற்கப்புறம் ஒரு நாள் தன் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சித்தப்பா பேசுகிறவர்; இவர் தரையைப் பார்க்கிறவர். அந்தக் குடும்பத்தில் வேலைப் பிரிவினை அப்படி.

பிள்ளைக்கு அப்போது ஆறு மாதம் முடிந்திருந்தது. தலை நிற்கவில்லை. தூக்கினால் கழுத்து ஒடிந்த கோழி மாதிரி ஒரு பக்கம் சாயும். ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு டாக்டர், "பிறக்கும்போதே சத்துக் குறைவு, பொறுத்துத்தான் பார்க்கணும்" என்றார். எதற்கும் பொறுப்பேற்காமல் குறிப்பு எழுதுவது எப்படி என்பது எங்கள் இலாகாவுக்கும் தெரியும். ஆகவே அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

சித்தப்பா குழந்தையின் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். அது தொப்பென்று விழுந்தது.

"பருத்தி மூட்டையில்லா கிடக்கு. ஏலே, இது தேறுமாலே?" என்று தன் மகன் முறைக்காரரிடம் கேட்டார். அவர் தரையைப் பார்த்தார்.

"ஆறு மாசப் பிள்ளையை வந்த முதல் நாளே விலை மதிக்கிறீர்களே, இது சந்தையா?" என்றேன் நான்.

"கோவப்படாதீரும் கச்சேரிக்காரரே. உள்ளதைச் சொல்லுதேன். இவனுக்கு வேற பொண்ணு பேசி முடிச்சாச்சு. வாரவ கையில இதைக் குடுத்தா, அவ எடுத்துக் குப்பையிலயா போடுவா? நடக்கிற பிள்ளைன்னா எங்க பிள்ளை. நாளைக்கு ஆட்டுக்குப் பின்னால போகும், வரும். இப்படியே கிடக்கும்னா எங்களுக்கு எதுக்கு?"

அறைக்குள் இருந்த என் மனைவி வாசற்படிக்கு வந்து நின்றாள். நான் கோபத்தில் இருந்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு அந்த நிமிஷத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. எதிராளி தானாக வந்து வலையில் கால் வைக்கும்போது வருகிற சந்தோஷம்.

"சொன்னதை எழுதிக் கொடுப்பீர்களா?" என்றேன்.

"எழுதும். கையெழுத்துத்தானே, போடுதோம்."

மறுநாளே எழுதினேன். இன்றைக்கும் அதை வரி மாறாமல் சொல்வேன். 'மேற்படி குழந்தை பதினெட்டு மாதம் நிறைவதற்குள் பிறர் துணையின்றித் தன் காலால் நடக்கும் பட்சத்தில் தகப்பனார் அழைத்துச் செல்வது. அங்ஙனம் நடக்காத பட்சத்தில் தகப்பனார் தமது பாத்தியதையை முற்றிலும் விட்டு, குழந்தையைத் தாய்மாமன் வசமே விடுவது.' முத்திரைத்தாள், இரண்டு சாட்சிகள், எல்லாம் ஒழுங்கு. தகப்பன் உயிரோடு இருக்கும்போது இப்படி ஒரு காகிதம் எந்தக் கோர்ட்டிலும் நிற்காது என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. என் சாமர்த்தியத்துக்கு அஸ்திவாரம் அவ்வளவுதான். அந்தப் பிள்ளை நடக்காது என்று நான் நிச்சயமாக நம்பினேன். நம்பி, அதன் மேலே பந்தயம் கட்டினேன்.

மனைவியிடம் ஷரத்தைச் சொல்லவில்லை. "இனிமேல் இது நம்ம பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

அவள் பிள்ளை வளர்த்தவள் அல்ல. வீட்டுக்குக் கடைசிப் பெண், கீழே தம்பி தங்கை கிடையாது. சொல்லிக்கொடுக்க வீட்டில் வேறு பெண்ணும் இல்லை. ஆனால் 'பருத்தி மூட்டை' என்ற வார்த்தை அவளுக்குள் இறங்கியிருந்தது. மறுநாள் காலையிலிருந்து அந்தக் குழந்தையோடு அவள் விளையாட ஆரம்பித்தாள். விளையாட்டு என்று நாம் சொல்கிறோம். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் சண்டை என்று சொல்லியிருப்பீர்கள்.

காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கணுக்கால் மேல் பிள்ளையைக் குப்புறப் போடுவாள். முன்னால் பித்தளைச் சொம்பைக் கவிழ்த்துக் கரண்டியால் தட்டுவாள். சத்தம் எங்கே என்று பார்க்க அது தலையைத் தூக்க வேண்டும். தூக்காது. மூக்கைக் காலில் தேய்த்துக்கொண்டு அழும். "அழு. அழுதுக்கிட்டே தூக்கு" என்பாள். மறுபடியும் தட்டுவாள். பக்கத்துச் சுவருக்கு அப்பால் இருந்த பெண், "ஏட்டி, காலையிலயே என்ன கொட்டு?" என்று கேட்டதற்கு, "எங்க வீட்டுல திருவிழா" என்று பதில் போனது.

இருபது நாளில் தலை நின்றது.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. கச்சேரியிலிருந்து வந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். குழந்தை சொம்பைப் பார்த்துத் தலையைத் தூக்கி, எச்சில் ஒழுக, ஒரு தாசில்தாரின் தோரணையில் என்னைப் பார்த்தது. "நல்லது" என்றேன். மனதுக்குள் மாதங்களை எண்ணினேன். இன்னும் பதினொன்று இருந்தது. தலை நிற்பதற்கும் நடப்பதற்கும் வெகு தூரம் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

அவள் விடவில்லை. முறத்துக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு ஆள் எங்கே என்று தேட விட்டாள். முதலில் அது தேடவே இல்லை. முறத்தோடு போனவள் போய்விட்டாள் என்று விட்டுவிட்டது. ஒரு வாரம் கழித்து முறத்தைப் பிடித்து இழுத்தது. உள்ளங்கையில் தன் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைந்து, விரல் விரலாக மடக்கி ஆளாளுக்குச் சோறு பங்கு வைத்து, கடைசியில் நண்டு மாதிரி விரல்களால் அக்குள் வரை ஊர்ந்தாள். முதல் நாள் அது மரக்கட்டையாக இருந்தது. பிறகு, நண்டு மணிக்கட்டைத் தாண்டும்போதே தோளைச் சுருக்கிச் சிரிக்கத் தொடங்கியது. வரப்போவது தெரிந்து சிரிக்கிற பிள்ளைக்கு மந்தம் கிடையாது. இது எனக்கு அன்றைக்கே புரிந்தது. அன்று ராத்திரி பத்திரத்தை எடுத்து மறுபடி ஒரு தடவை படித்தேன்.

எட்டு மாதத்தில் தலையணை அணைப்பில் உட்கார்ந்தது. ஒன்பதில் அணைப்பு இல்லாமல். சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டு எடுத்தது. தட்டில் நாலு பொரியைச் சிதறி வைத்தால், உள்ளங்கையால் அள்ளி அள்ளித் தோற்று, ஒரு நாள் இரண்டு விரலால் ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டு போனது. கை தட்டச் சொன்னால் தட்டியது. புளியங்குடிக்கு முகாம் போன நான் வாங்கி வந்த எலுமிச்சம்பழங்களில் ஒன்றை அவள் தரையில் உருட்டிவிட, அதைத் துரத்திக்கொண்டு பிள்ளை முதல் தடவையாக முழங்காலில் தவழ்ந்தது. பழம் வாங்கி வந்த என் புத்தியை என்ன சொல்ல.

ஒரு வயது முடிந்து கோவிலில் மொட்டையடித்துக் காது குத்தினோம். என் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள், தாய்மாமன் மடி. தகப்பனுக்குச் சொல்லி அனுப்பியும் வரவில்லை. திரும்பி வரும்போது பிள்ளை என் தோளில் எழுந்து நின்று தலைமுடியைப் பிடித்துக்கொண்டது. கால் இரண்டும் கம்பு மாதிரி ஊன்றியிருந்தன. என் மனைவி பூரித்துப் போனாள்.

"தச்சாசாரிக்கிட்ட நடைவண்டிக்குச் சொல்லிட்டேன். ரெண்டு மாசத்துல நடந்திருவான். அந்தக் கிழவன் வந்து பாக்கட்டும்" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். வேறு வழி இல்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பத்திரத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் எட்டாம் வகுப்பு படித்தவள். இரண்டு தடவை படித்தாள்.

"இதை எழுதினது நீங்கதானா?"

"ஆமாம்."

"இவன் நடக்க மாட்டான்னு எழுதியிருக்கிய."

"நம்மகூட இருக்கணும்னு எழுதினேன்."

"ரெண்டும் ஒண்ணுதானா உங்களுக்கு?"

பதில் சொல்ல முடியாத கேள்விக்குக் கோப்பில் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதி மூடலாம். வீட்டில் அந்த வசதி கிடையாது. மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் நடைவண்டி வந்தது. அதை வாங்கிப் பரண்மேல் ஏற்றச் சொன்னாள்.

அன்றிலிருந்து பிள்ளை தரைக்கு வரவில்லை. இடுப்பிலேயே இருந்தது. ஏழு மாதமாக அந்தக் காலுக்காக மல்லுக்கு நின்றவள், அதே காலைச் சீலைக்குள் செருகி வைத்தாள். பிள்ளை நெளிந்தது, கடித்தது, அவள் தோட்டைப் பிடித்து இழுத்துக் காதைப் புண்ணாக்கியது. அவள் இறக்கவில்லை. ஒருவருக்கொருவர் சோறு போட்டுக்கொண்டோம், தண்ணீர் கொடுத்துக்கொண்டோம். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது வெறுப்புத்தான். வேறு நல்ல வார்த்தை தேட நான் விரும்பவில்லை.

பதினாறாம் மாதம் ஒரு நாள், மறந்து வைத்துவிட்டுப் போன கோப்பை எடுக்க நடுப்பகலில் வீட்டுக்கு வந்தேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது, ஒரு விரல் இடைவெளி. பார்த்தேன். அவள் அடுக்களை நிலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை உருட்டிவிடுகிறாள். பிள்ளை நடந்து போய், குனிந்து, விழாமல், எடுத்து, திரும்பி நடந்து வந்து அவள் கையில் வைக்கிறது. மறுபடி உருட்டுகிறாள். சத்தமில்லாமல் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். சத்தமில்லாமல் சிரிக்கவும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

கதவைத் தட்டினேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து திறந்தாள்.

"பாத்தியளா?"

"இல்லை" என்றேன்.

"நல்லது" என்றாள். கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். அதற்கப்புறம் நாங்கள் கொஞ்சம் பேசிக்கொண்டோம். களவாளிகள் பேசிக்கொள்கிற அளவு.

பதினெட்டு மாதம் நிறைந்த அன்று முதல் பஸ்ஸிலேயே இருவரும் வந்துவிட்டார்கள். தங்கை மாப்பிள்ளைக்கு மறு கல்யாணம் முடிந்திருந்தது. ஒரு ஆட்டு மணியைத் துண்டில் முடிந்து பிள்ளைக்கென்று கொண்டு வந்திருந்தார். மணியை எடுத்துப் பாயில் வைத்தார்.

"இறக்கி விடு தாயி, பாப்போம்" என்றார் சித்தப்பா.

அவள் இறக்கினாள். பிள்ளை உட்கார்ந்தது. மணியைப் பார்த்தது. கவிழ்ந்து முழங்காலில் விறுவிறுவென்று தவழ்ந்து போய் அதைப் பிடித்தது. ஆட்கள் இருந்தால் தவழ வேண்டும், கதவு சாத்தியிருந்தால் நடக்கலாம் என்று அதற்குள் ஏதோ சட்டம் படிந்திருந்தது.

சித்தப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "நாலு கால்ல நல்லாத்தான் போகுது. ஏலே, கிடையில சேத்துக்கிடலாமா, ஆடு கணக்கா?"

மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

"சரி வே, கச்சேரிக்காரரே. எழுதினபடி ஆச்சு. எங்க கையெழுத்துப் போடணும்?"

விடுதலைப் பத்திரத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். மாப்பிள்ளை பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினார். நிப்பு காகிதத்தைத் தொட்டது. அவர் பெயரின் முதல் எழுத்து விழுந்தது என்றே நினைக்கிறேன். இன்னும் அரை நிமிஷம் அந்தக் கிழவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அவர் வாய் மூடப் பிறந்தவர் அல்ல. "பிள்ளையைச் சொல்லிக் குத்தமில்ல. பெத்தவ இருந்திருந்தா இந்நேரம் ஓடும். வயித்துல சுமக்காதவளுக்குப் பிள்ளையைப் பத்தி என்ன தெரியும், பாவம்" என்றார். அதை அவர் வசையாகக்கூடச் சொல்லவில்லை. இரக்கப்பட்டுச் சொன்னார்.

நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"என்ன தெரியும்னா கேட்டிய?" என்றாள்.

பாயில் உட்கார்ந்தாள். "தட்டு" என்றாள், பிள்ளை கை தட்டியது. முந்தானையால் முகத்தை மூடினாள். அது வந்து இழுத்தது. "மாமா எங்க?" என்றாள், என்னைக் காட்டியது. உள்ளங்கையை விரித்தாள், அது தன் கையைத் தானே நீட்டியது, நண்டு வருவதற்கு முன்னாலேயே சிரித்தது. பிறகு எழுந்தாள். பிள்ளையைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்தினாள். எட்டடி பின்னால் போய், திறந்து கிடந்த வாசற்கதவுக்கு நேரே நின்றுகொண்டாள்.

"வால மக்கா. நடந்து வா. எல்லாரும் பாக்கட்டும்."

அது கதவைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. நடந்தது. வேகமாகக்கூட இல்லை, நிதானமாக, மணியை ஆட்டிக்கொண்டு, பாய் விளிம்பில் காலைத் தூக்கி வைத்து, அவளிடம் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டது.

மணிச் சத்தம் நின்றது. சித்தப்பா, "அட" என்றார்.

மாப்பிள்ளை பேனாவுக்கு மூடியைப் போட்டார். அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது. "நடக்கான்."

"மாப்பிள்ளை, யோசித்துப் பாருங்கள். வீட்டில் புதுசாக வந்தவள் இருக்கிறாள்" என்றேன்.

"அதை எம் பாட்டுக்குப் பாத்துக்கிடுதேன். எழுதினது நீங்கதான மச்சான்" என்றார்.

என் மனைவி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி. எழுத்து எழுத்துத்தான். ஆனா இவன் சும்மா சோறு திங்க மாட்டான். பருப்புக் கடைஞ்சாத்தான் வாயைத் திறப்பான். உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க வீட்டுல பொம்பளையாளு..."

"உங்க வீட்டுல எவளும் இவனைப் பாத்ததில்ல. பாத்தது நீங்க ஒருத்தர். அதுவும் இன்னைக்கு முன்னால ரெண்டு தடவை. உக்காருங்க."

அந்த மனுஷர் உட்கார்ந்தார். ஏர் பிடித்துக் காய்த்த கை. அதைப் பிள்ளையின் உள்ளங்கையில் எப்படி வைப்பது என்று தெரியவில்லை. முழங்கையை அழுத்தினார், பிள்ளை வீறிட்டது. "உரலா அது? மெதுவா" என்றாள். மறுபடி. விரலை மடக்கும்போது எண்ணிக்கை தவறியது. "திரும்பவும்." சித்தப்பா, "ஏ தாயி, பஸ்ஸு போயிரும்" என்றார். "அடுத்த பஸ்ஸு இருக்கு" என்றாள். என் மேலதிகாரிகள் பலர் பரிசோதனைக்கு வந்து பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பரிசோதனையை நான் கண்டதில்லை. வேர்த்து ஒழுகி, நாலாவது தடவை, தடித்த விரல்கள் தடுமாறி அக்குளுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை சிரித்தது. கொஞ்சமாகத்தான். அவள் வாசலை விட்டு விலகினாள்.

அவர்கள் தெருமுனை திரும்பும் வரை பிள்ளை அவர் தோளில் இருந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

உள்ளே வந்து இரண்டு பத்திரங்களையும் எடுத்து அடுப்பில் வைத்தாள். "பிள்ளையைத் திரும்பக் கேட்டு மனு எழுதணுமா?" என்று கேட்டேன். "நீங்க இனி எதையும் எழுதாதீக" என்றாள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போது ஒரே கேள்வி. "அந்தப் பக்கத்து ஆள் யாரும் கச்சேரிக்கு வந்தாகளா?" இல்லை என்பேன். அது உண்மையாகத்தான் இருந்தது, ஒன்றரை மாதம் வரை.

பிறகு ஒரு நாள் பட்டா மாறுதலுக்காக அந்த ஊர்க்காரர் ஒருவர் என் மேஜைக்கு வந்தார். நானாகத்தான் விசாரித்தேன்.

"அந்தப் பையனா? நல்லா இருக்கான் சார். அப்பனை விட்டு இறங்க மாட்டேங்கான். காட்டுக்குப் போனாலும் தோள்லதான். சித்திக்காரிகூட ஒட்டிக்கிட்டா. ரெண்டு நாளைக்கு முன்ன அப்பனுக்குக் காய்ச்சல், பையன் அந்தக் கட்டிலை விட்டு நகரல, பாத்துக்கிடுங்க" என்றார்.

அவர் மனுவில் குறை ஒன்றும் இல்லை. இருந்தும், இணைப்பு ஒன்று போதவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றினேன். "யாரும் வந்தாகளா?" என்றாள். பிள்ளை சுகம் என்ற ஒரு சொல் போதும், அவள் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள். ஆனால் அதைச் சொன்னால் அந்த மனுஷர் நல்லவர் என்றும் சொன்னதாகிவிடும்.

"இல்லை. யாரும் வரவில்லை" என்றேன்.